யாரிடம் சேர்வது

அன்று மாலைக்குள் ஷாஹிதா ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும்.

கட்டுமானப் பொறியியலில் எம்.இ. முதல் ஆண்டை முடிக்கிறவர்கள் தங்கள் ஆய்வுக்கு ஒரு பேராசிரியரைத் தேர்ந்துகொள்வது அந்தக் கல்லூரியின் வழக்கம். கைடு என்பார்கள். மதிப்பெண், சிபாரிசு, அடுத்து பிஎச்.டி. இடம் எல்லாம் கைடு கையில்தான். ஷாஹிதா ஆம்பூரில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தவள். திரும்பிப் போனால் அந்த வேலை அவளுக்காகக் காத்திருக்காது.

துறைத்தலைவர் குலோத்துங்கன் அறையில் எப்போதும் கூட்டம். யார் போனாலும் உட்காரச் சொல்வார், டீ வரவழைப்பார். எழுதியதைக் கொண்டுபோய்க் காட்டினால் மேலோட்டமாகப் புரட்டிவிட்டு, "சூப்பர்மா, கலக்கிட்டே" என்பார். போன வாரமே ஷாஹிதாவும் அவரிடம் போய், "உங்ககிட்டயே பண்றேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

ஆனால் இன்று காலை, அவருடைய மாணவன் பிரேம்நாத்துக்கு வைவா என்கிற வாய்மொழித் தேர்வு நடந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் நாலு பக்கம் புரட்டியதும் நிறுத்திவிட்டார்.

"அடிப்படைக் கணக்கே தப்பா இருக்கே தம்பி. ஒரு வருஷமா இதை யாருமே பாக்கலையா?"

பிரேம்நாத் திரும்பித் தன் கைடைப் பார்த்தான். குலோத்துங்கன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். பிறகு சொன்னார்:

"நான் அப்பவே சொன்னேன் சார். பையன் காதுல வாங்கல."

பிரேம்நாத் தன் ஆய்வேட்டை மூடிக்கொண்டான். அடுத்த முறை வா என்று அவனை அனுப்பிவிட்டார்கள்.

கடைசி வரிசையில் ஷாஹிதா உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரு வருஷமும் அவர் பிரேம்நாத்திடம் என்ன சொன்னார் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறாள்.

மதியம் அவள் கான்கிரீட் லேபுக்குப் போனாள். அது பேராசிரியர் எஸ்தரின் இடம். வேலை இல்லாமல் அந்தப் பக்கம் யாரும் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள். கொடுத்த தாள் வெள்ளையைவிடச் சிவப்பு மை அதிகமாகித் திரும்பி வரும் என்பார்கள். ஒருத்தி அழுதுகொண்டே வெளியே வந்ததை ஷாஹிதாவே பார்த்திருக்கிறாள்.

லேபின் நடுவில், இரும்புச் சட்டத்துக்குள், ஒரு கான்கிரீட் பீம் கிடந்தது. ஆள் நீளத்துக்கு மேலே இருக்கும். விரிசல் விட்டால் பளிச்சென்று தெரிவதற்காக அதற்குச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். பீமின் ஒரு நுனி அசையாத தாங்கியில் இருந்தது. மறு நுனி ஒரு இரும்பு ரோலர் மேல். மேலிருந்து ஒரு ஜாக்கி அதை அழுத்தக் காத்திருந்தது. எஸ்தர் ஜாக்கியின் கைப்பம்பு அருகே நின்றார். அவரிடம் பிஎச்.டி. செய்யும் திருமலை ரோலர் பக்கமாக நின்றான்.

"என்ன?" என்றார் எஸ்தர்.

"ஒரு சந்தேகம் மேடம்."

"கேளு."

"கைடு யாரைத் தேர்ந்தெடுக்கறதுன்னு தெரியல. நல்ல கைடு யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

எஸ்தர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு லேப் கோட்டுப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து நீட்டினார்.

"கிராக் எங்க வருதோ அங்க கோடு போடு. வந்த உடனே வாய்விட்டுச் சொல்லு. வேற எதையும் பாக்காதே, வேற எதையும் பேசாதே."

ஷாஹிதா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பீமின் பக்கத்தில் குந்தினாள். கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. மறுபடி கேட்கத் தைரியமும் வரவில்லை.

பம்பின் கைப்பிடி ஏறி இறங்கியது. ஜாக்கி பீமைத் தொட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வெள்ளைச் சுண்ணாம்பில், அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி, மயிரிழைபோல ஒரு கோடு ஓடியது.

"கிராக் மேடம்!"

"கத்தாதே. கோடு போடு."

போட்டாள். இன்னொன்று வந்தது. அதற்கும் போட்டாள். பீம் லேசாக முனகியது.

"இவ்வளவு சீக்கிரமே கிராக் வருதே மேடம். பீம் சரியில்லையா?"

"வர்றதுதான் நல்லது. கடைசிவரைக்கும் முகத்துல ஒரு கோடு காட்டாம நிக்குது பாரு, அதுகிட்டதான் ஜாக்கிரதையா இருக்கணும். அது ஒடையும்போது சொல்லிட்டு ஒடையாது."

ஷாஹிதாவுக்கு, காலையில் குலோத்துங்கன் திறந்த தண்ணீர் பாட்டில் கண்முன் வந்தது.

பம்பு ஏறி இறங்கியது. விரிசல்கள் கூடின. அடுத்த கோட்டைப் போட அவள் ரோலர் பக்கமாக நகர்ந்தபோதுதான் அதைப் பார்த்தாள். ரோலர், கீழே இருந்த இரும்புத் தட்டின் நடுவில் இல்லை. விளிம்பை ஒட்டி இருந்தது. கைப்பிடி இன்னொரு முறை இறங்கியது. ரோலர் இம்மி நகர்ந்தது.

எஸ்தர் நின்ற இடத்திலிருந்து அது தெரியாது. நடுவில் சட்டத்தின் தூண் மறைத்தது. அவர் கண்ணும் பம்பின் அழுத்தம் காட்டும் முள்ளில்தான் இருந்தது.

ஷாஹிதா நிமிர்ந்து திருமலையைப் பார்த்தாள். அவன் கண் ரோலர் மேலேயே இருந்தது. முகம் வெளிறியிருந்தது. அவள் பார்ப்பதைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

அவளுக்குக் குழம்பியது. இத்தனை நாள் இங்கேயே கிடக்கிறவன் சும்மா இருக்கிறான். அப்படியென்றால் இது வழக்கமாக நடப்பதுதானோ? வாயைத் திறந்து முட்டாள் ஆவதா?

"மேடம், ரோலர்..."

"கிராக்கைப் பாருன்னு சொன்னேன்."

கைப்பிடி ஏறியது. பீம் ஒருபக்கமாக, கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குச் சாய்ந்தது.

"நிறுத்துங்க!"

லேப் முழுக்க எதிரொலித்தது. அது தன் குரல்தான் என்பது ஷாஹிதாவுக்கே ஒரு கணம் புரியவில்லை. "நிறுத்துங்க மேடம்! ரோலர் வெளியே போகுது!" பென்சிலைப் போட்டுவிட்டுப் பின்னால் துள்ளினாள். திருமலையின் கையைப் பிடித்து இழுத்தாள்.

எஸ்தரின் கை அந்தரத்தில் நின்றது. எதற்கு என்று கேட்கவில்லை. மறு கணமே வால்வைத் திருகி அழுத்தத்தை இறக்கினார். ஜாக்கி மேலே போனது. ஜாக்கியின் பிடி விட்டதும் ரோலர் தட்டைத் தாண்டி விழுந்தது. அதன் பின்னாலேயே பீமின் நுனி, பாதுகாப்புக்காக அடியில் வைத்திருந்த மரக்கட்டை மேல் இறங்கியது. தரை அதிர்ந்தது. ஷாஹிதாவின் பென்சில் கிடந்த இடம் கான்கிரீட்டுக்கு அடியில் போய்விட்டது.

சுண்ணாம்புத் தூள் காற்றில் மெல்ல இறங்கியது.

எஸ்தர் தூணைச் சுற்றிக்கொண்டு வந்தார். குனிந்து தட்டைப் பார்த்தார். ரோலரைக் காலால் உருட்டிப் பார்த்தார். ஷாஹிதா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பேசாதே என்று சொன்ன பிறகு பேசியிருக்கிறாள். அதுவும் அந்தக் குரலில்.

"முட்டு கொடுக்கல," என்றார் எஸ்தர். "காலையில நான்தான் இதை நகர்த்தினேன். உருண்டு போகாம ரெண்டு பக்கமும் முட்டு கொடுக்கணும். மறந்துட்டேன்."

பிறகு திருமலையிடம் திரும்பினார்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன் மேடம்."

"எப்ப?"

"ஆரம்பத்துலயே."

"ஏன் சொல்லல?"

அவன் விழுந்து கிடந்த ரோலரைப் பார்த்தான்.

"சொல்லு. இப்பவாவது சொல்லு."

"நீங்க வச்சதுன்னு தெரியும் மேடம். நீங்க வச்சது தப்பா இருக்காதுன்னு நெனச்சேன்." ஹெல்மெட்டைக் கழற்றினான். "அதுவும் இல்ல. திட்டுவீங்கன்னு பயந்துட்டேன்."

எஸ்தர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நாளையிலிருந்து பம்பு உன்கிட்ட," என்றார் திருமலையிடம். "ரோலர்கிட்ட நான் நிக்கறேன். நான் கத்தினா நீ நிறுத்தணும். அந்தப் பக்கம் நின்னு சொல்றது எவ்வளவு கஷ்டம்னு நானும் கத்துக்கறேன்."

திருமலைக்குக் கண் கலங்கியது. தலையை ஆட்டிவிட்டு முட்டுக்கட்டை எடுத்துவரப் போனான்.

அப்போது ஷாஹிதாவின் போன் அடித்தது. குலோத்துங்கன். எஸ்தரும் பெயரைப் பார்த்துவிட்டார்.

"எடு," என்றார்.

"என்னம்மா ஷாஹிதா, ஆளையே காணோம்? என்கிட்டதானே? உன் பேரைப் போட்டுடறேன்." குரல் வழக்கம்போல இனித்தது.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "மன்னிச்சிடுங்க சார். நான் எஸ்தர் மேடம்கிட்ட பண்ணலாம்னு இருக்கேன்."

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"அப்படியா. நல்லதும்மா, நல்லது. உன் இஷ்டம்." சிரித்தார். "துறைத்தலைவர் கையெழுத்துக்கு எப்படியும் நீ இங்கதான் வரணும். பாப்போம்."

போன் அணைந்தது.

"என்னைக் கேக்காமலே சொல்லிட்டே," என்றார் எஸ்தர்.

"ஆமா மேடம்."

"ரெண்டு வருஷமா என்கூட இருக்கற பையன் பீம் சரியறதைப் பாத்துட்டு வாயைத் திறக்கல. அதுவும் உன் கண் முன்னாடி. அப்புறமும் நான் எதுக்கு?"

ஷாஹிதா யோசித்தாள்.

"நான் கத்தினதும் நீங்க நிறுத்திட்டீங்க மேடம். ஏன்னு கேக்கல. யாரும் கேக்காமலே உங்க தப்புன்னு சொன்னீங்க. காலையில வேற ஒருத்தரைப் பாத்துட்டுதான் வந்தேன்."

எஸ்தர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை.

"இன்னைக்கு நீ யாரோ, நான் யாரோ," என்றார். "உன் மார்க் என் கையில இல்ல. உன் சிபாரிசு என் கையில இல்ல. அதனால கத்தினே. நாளையிலிருந்து எல்லாம் என் கையில இருக்கும். அப்பவும் கத்துவியா?"

ஷாஹிதா வாயைத் திறந்தாள்.

"உடனே சொல்லாதே," என்றார் எஸ்தர்.