பாலத்தடியில் யார் கையில் சுக்கான்?

முடிவில் கேள்வி உங்களுக்குத்தான். அதனால் இடையில் ஒன்றையும் நழுவவிடாமல் கேளுங்கள்.

புதுச்சேரி ஞானவேலிடம் ஒரு பாய்மரப் படகு இருந்தது. பாம்பன் பாலத்தடியில் அதைத் தன் கையாலேயே ஓட்டிப் போகவேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. சின்ன வயதில் ரயில் ஜன்னல் வழியாக அங்கே ஒரு பாய்மரத்தைப் பார்த்ததில் பிடித்த பித்து அது. பாலமோ படகுகளுக்காக எப்போதாவதுதான் திறக்கும். அப்போது வரிசையோடு போகாதவர் அடுத்த முறைக்குக் காத்துக் கிடக்கவேண்டியதுதான். ஐப்பசி பிறந்து மழை எப்போது வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளும் என்றிருந்த சமயம். இந்தத் தடவை விட்டால் வந்த வழியே வீடு திரும்பவேண்டும்.

படகில் மனைவி தாமரைச்செல்வியும் அவள் தம்பி குமணனும் இருந்தார்கள். கிளம்பியதிலிருந்து ஆண்கள் இருவருமே மாறி மாறிச் சுக்கான் பிடித்தார்கள். தாமரைச்செல்வி ஒரு தடவை கேட்டாள். பார்க்கலாம் என்றார் ஞானவேல். அவள் கைக்குக் கிடைத்தது அடுப்புதான்.

பாலம் திறக்கும் நாள் காலையில் நங்கூரத்தைத் தூக்கும் மோட்டார் மக்கர் செய்தது. பட்டனை அமுக்கினால் 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நங்கூரத்தை இறக்க மோட்டார் தேவையில்லை, தன் கனத்தில் தானே இறங்கிவிடும். வழியெல்லாம் துறைகளில் கயிறு கட்டியே நின்றார்கள். அதனால் ஆயுத பூஜைக்குப் பிறகு அந்த மோட்டாருக்கு இதுதான் முதல் வேலை. அந்தப் பூஜைக்கு ஞானவேல் படகில் இருந்த இரும்பு ஒன்றையும் விடவில்லை. மோட்டாரைக்கூட வயரைக் கழற்றிப் பளபளவென்று பெயிண்ட் அடித்து, திரும்ப மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்.

குமணன் மோட்டாருக்கு வரும் வயருக்கும் அதன் இரும்புக்கும் நடுவே டெஸ்ட் பல்பை வைத்துப் பார்த்தான். எரிந்தது. கரண்ட் வருகிறது, அப்படியானால் மோட்டார்தான் போச்சு என்று அதைப் பிரித்து, கார்பனைத் துடைத்துப் பூட்டினான். மறுபடியும் 'டொக்'. ஞானவேல் பேட்டரியை மாற்றினார். அதற்கும் 'டொக்'. கையால் இழுத்துப் பார்த்தார்கள். சேற்றில் புதைந்த நங்கூரம் அசைந்துகூடக் கொடுக்கவில்லை. முன்னால் நின்ற விசைப்படகுகள் ஒவ்வொன்றாகப் புகை கக்கத் தொடங்கின. இவர்களுடைய எஞ்சினும் கிளம்பத் தயாராக ஓடிக்கொண்டிருந்தது. ஞானவேலுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஸ்பேனரைத் தூக்கித் தளத்தில் அடித்தார்.

"இந்தச் சனியனை யார் தூக்கறாங்களோ, பாலத்தடியில சுக்கான் அவங்களுக்குத்தான். போதுமா?"

சொன்ன பிறகுதான் எதைக் கொடுத்துவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது.

தாமரைச்செல்வி உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க, எப்பவும் மோட்டார் ஓடினா உள்ள லைட்டு மங்கும். இப்ப மங்கவே இல்லையே."

"ஓடலைன்னா எப்படி மங்கும்? நீ போய் டீயைப் போடு."

"மோட்டார் போயி இறுகிக்கிட்டா இன்னும்ல மங்கணும்? கரண்ட் போற வயரையே பாக்கறீங்க. திரும்பி வர்ற வயரைப் பாத்தீங்களா?"

ஞானவேல் காதில் வாங்கவில்லை. குமணன் வாங்கினான். திரும்பி வரும் வயரின் முனையிலிருந்து மோட்டாரின் வெறும் இரும்புக்கு ஒரு துண்டு வயரைக் கொடுத்துப் பிடித்தான். மோட்டார் உறுமிச் சுற்றியது. நங்கூரம் சேற்றை விட்டுக் கிளம்பிப் பாதி தூரம் வந்ததும் துண்டு வயர் புகைந்தது. கை சுட்டு, உதறிவிட்டான். அப்போதுதான் ஞானவேல் திரும்பி வரும் வயரை மோட்டாரோடு முடுக்கியிருந்த நட்டைக் கழற்றிப் பார்த்தார். வயருக்கும் இரும்புக்கும் நடுவே அவர் அடித்த பூஜைப் பெயிண்ட். பல்பு எரிய அதன் வழியே கசிந்த கரண்ட் போதும், மோட்டாருக்குப் போதவில்லை. கத்தியால் சுரண்டி முடுக்கினார். மீதிச் சங்கிலியும் கடகடவென்று மேலே வந்தது.

வந்ததும் முன்தளத்திலேயே வழக்கு ஆரம்பித்தது. சேற்றிலிருந்து நங்கூரத்தைக் கிளப்பியது நான் என்றான் குமணன். முழுசாக மேலே கொண்டுவந்ததும் நோயைக் கண்டுபிடித்ததும் நான் என்றார் ஞானவேல். கை சுட்டது எனக்கு மாமா என்றான் அவன். படகு யாருடையது மாப்ள என்றார் இவர். இருவரும் முகத்துக்கு முகம் நின்று கத்தினார்கள். தாமரைச்செல்வி அந்தப் பக்கமே வரவில்லை. நீரோட்டம் படகுகளைப் பாறைப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. இவர்களுடைய படகோ வரிசை பிசகாமல் பாலத்தை நெருங்கியது.

இப்போது சொல்லுங்கள். மூவரில் சுக்கான் யாருக்குச் சேரவேண்டும்?

விடை இதுதான். ஞானவேல் அவிழ்த்தது அவரே போட்ட முடிச்சு, அதற்குப் பரிசு கேட்க முடியாது. குமணன் வயரைப் பிடித்தது அக்கா காட்டிய இடத்தில். ஆகவே கணக்குப்படி தாமரைச்செல்விக்கு. ஆனால் கணக்குப் போட்டுத் தீர்ப்புச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. நங்கூரம் எடுத்த படகு வழக்கு முடியும்வரை நிற்குமா? இருவரும் முன்தளத்தில் கத்திக்கொண்டிருக்க, அதைப் பாறையில் மோதாமல் வரிசையில் கொண்டுபோனது யார்? பாலத்தின் நிழல் மேலே விழுந்த பிறகுதான் ஞானவேலுக்கு அது தோன்றியது. வாயைத் திறந்தபடி திரும்பினார். தாமரைச்செல்வி சுக்கானிலிருந்து கையையும் எடுக்கவில்லை, பாலத்தின் தூணிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

"டீ பிளாஸ்க்ல இருக்கு. ரெண்டு பேரும் ஊத்திக் குடிங்க."