முட்டை அட்டைக்கு இறங்கு ஏலம்

நாமக்கல்லில் எட்டு முட்டைக் கம்பெனிகள் கூடிப் பேசின. முட்டை அடுக்கும் அட்டையை இனி ஒன்றாகச் சேர்ந்து வாங்குவது. அதுவும் ஆன்லைன் ஏலத்தில். விற்பவர்கள் போட்டி போட்டு விலையை இறக்குவார்கள். ஆகக் குறைவாகச் சொன்னவனுக்கு ஆர்டர்.

பொறுப்பு நாச்சிமுத்து தலையில் விழுந்தது. எட்டுப் பேரில் அவரும் ஒரு முதலாளி. அறுபது வயது. கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. கம்ப்யூட்டர் சொல்லித்தரும் திலகவதியிடம் படிக்கப் போனார். அவளுக்கு முப்பது இருக்கும்.

ஏலத்துக்கு முந்தின நாள் கேட்டார்.

“ஏனுங்க டீச்சர், அட்டை இன்ன கனம் இருக்கணும்னு ஒரு நிபந்தனை போட்டிருக்குதே, அதைத் தூக்கிட்டா விலை இன்னும் எறங்குமாமே? மத்த ஏழு பேரும் தூக்கச் சொல்றாங்க. தூக்கட்டுங்களா?”

“விக்கிறவர் பக்கம் உக்காருங்கண்ணா.”

“நான் வாங்க வந்தவனுங்க.”

“தெரியும். உக்காருங்க.”

உட்கார்ந்தார்.

“இது ஒத்திகை. நீங்க அட்டை செய்யறீங்க. ஒண்ணு செய்ய ரெண்டு ரூபா ஆகும். கனம் நிபந்தனை கிடையாது.”

சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விட்டாள்.

திரையில் அவர் ‘விற்பவர் 1’. எதிரே ‘விற்பவர் 2’. பேர் இல்லை, ஊர் இல்லை. இவர் இரண்டரை என்று போட்டார். அந்த ஆள் பத்துப் பைசா குறைத்தான். இவரும் குறைத்தார். அவன் விடவில்லை. யார்ரா நீ? நாச்சிமுத்துவுக்குக் காது சிவந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தட்டினார். நேரம் முடிந்து திரை நின்றது.

“ஜெயிச்சாச்சு டீச்சர்!”

அவள் வந்தாள்.

“யாருங்க அந்த ரெண்டாம் நம்பர்? சரியான விடாக்கண்டன்.”

“நான்தான்.”

“அடக் கடவுளே!” சிரித்துவிட்டார்.

“எவ்வளவுக்கு முடிச்சீங்க?”

“ஒண்ணு எழுபது.”

“அடக்கமே ரெண்டு ரூபா. எப்படிச் செஞ்சு குடுப்பீங்க?”

விரல் விட்டு எண்ணினார். பிறகு முகம் தெளிந்தது.

“அதென்ன பிரமாதம்? காகிதக் கூழைக் குறைச்சு ஊத்தினா ஆச்சு. கனம்தான் யாரும் கேக்கலையே.”

“முட்டை தாங்குமா?”

“அது வாங்கினவன் பாடுங்க.”

“சரி. எட்டுக் கம்பெனியும் அட்டைக்குக் காத்திருக்கு,” என்றாள் திலகவதி. “முதல் லோடு எந்தப் பண்ணைக்கு அனுப்பறீங்க?”

நாச்சிமுத்து மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். “அந்தக் கனம் நிபந்தனை இருக்கட்டுங்க டீச்சர்.”