நடுவில் தண்ணீர்

"இன்னாசிமுத்துவை ஒழிக்க ஒரு வழி சொல்லுங்கம்மா" என்றார் வைரக்கண்ணு.

குமுதவல்லி கீரைப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். துறவியான அவள் வைரக்கண்ணுவின் மகளைவிட வயதில் சிறியவள். ஆனாலும் உப்பளத்துக்கு அப்பால் இருந்த அவளுடைய மடத்துக்கு வந்தால், அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டுதான் பேசுவார்.

"யார் அவர்?"

"துறைமுகத்துல இருக்கிறதே ரெண்டு ஐஸ் கம்பெனி. ஒண்ணு என்னோடது. இன்னொண்ணு அவனோடது."

"என்ன செஞ்சார்?"

"விலையைக் குறைச்சான்."

"நீங்க?"

"நானும் குறைச்சேன். அவன் மறுபடி குறைச்சான். நானும் விடலை. இப்போ வர்ற காசு கரண்டு பில்லுக்கே பத்தலை."

"அப்புறம் எப்படிக் கம்பெனி ஓடுது?"

வைரக்கண்ணு மடத்துச் சுவரைப் பார்த்தார்.

"முழுசா உறையறதுக்கு முன்னாடியே ஐஸ் பாரைத் தூக்கிடறோம். அவனும் அதேதான் செய்யறான். வெளியில பார்த்தா ஐஸ். நடுவுல தண்ணி."

குமுதவல்லி நிமிர்ந்தாள்.

"அதை ஏத்திக்கிட்டு யார் கடலுக்குப் போறாங்க?"

"படகுக்காரங்கதான்."

அவள் கையில் இருந்த களையை ஓரமாகப் போட்டாள்.

"வழி சொல்லுங்கம்மா."

"சொல்றேன். ஆனா எந்த வழியா இருந்தாலும் அதை நீங்களே போய் இன்னாசிமுத்துகிட்ட சொல்லிடணும்."

"அவனுக்குத் தெரிஞ்சா எப்படிப் பலிக்கும்?"

"தெரியாம எத்தனை நாளைக்கு மறைப்பீங்க? அவருக்கும் கண் இருக்கே."

அவ்வளவுதான். அவள் மறுபடி களை எடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

*

வைரக்கண்ணு அதைத் தனக்கு வசதியாகப் புரிந்துகொண்டார். நேரே இன்னாசிமுத்துவிடம் போனார்.

"நாம ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டு சாகறதுக்கு, சேர்ந்து விலையை ஏத்திட்டா என்ன?"

இன்னாசிமுத்து டீயை உறிஞ்சினார். "நீர் மாற மாட்டீரே?"

"மாட்டேன். நீர்?"

"நானா?"

இருவரும் கையடித்துக்கொண்டார்கள். மறுநாள் ஐஸ் விலை ஏறியது. படகுக்காரர்கள் சத்தம் போட்டார்கள். வேறு கம்பெனி இல்லாததால் வாங்கவும் செய்தார்கள்.

சில நாளில் வைரக்கண்ணு மூச்சிரைக்க மடத்துக்கு வந்தார்.

"துரோகி! பின்வாசல் வழியா பழைய விலைக்கே ஐஸ் விடறான்."

"நீங்க விடலையா?"

"ரெண்டு படகுக்கு மட்டும்தான்."

"எப்போலேர்ந்து?"

வைரக்கண்ணுவின் குரல் இறங்கியது. "முதல் நாள்லேர்ந்து."

"அப்போ அவர் உங்களைச் சரியாத்தான் கணிச்சிருக்கார்."

அந்தச் சொல் அவரைக் குத்தியது. திரும்பிப் போகக் கிளம்பியவர் வாசலில் நின்றார்.

"என் பேச்சு நிக்கும்னு அவன் நம்பணும்னா, நான் என்ன செய்யணும்?"

"உங்க பேச்சு நிக்கும்னு நீங்க நம்பறீங்களா?"

வைரக்கண்ணு நேர்மையாக யோசித்துப் பார்த்தார்.

"இல்லை."

"அப்போ பேச்சை விட்டுடுங்க."

*

படகுக்காரர்கள் சங்கத்துக்குத் தலைவி காத்தாயி. நடுவில் தண்ணீர் நின்ற ஐஸை நம்பிப் போய், ஒரு படகு மீன் முழுவதும் அழுகிப்போய், அதைக் கடலிலேயே கொட்டிவிட்டு வந்தவள். வைரக்கண்ணுவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் அவள் முன்னால் ஒரு சாவியை வைத்தார்.

"என்ன இது?"

"ஐஸ் பாரைத் தூக்கற கிரேனுக்குப் பூட்டுப் போட்டிருக்கேன். இருக்கிற ஒரே சாவி இதுதான். உங்க ஆளு வந்து பார்த்து, உறைஞ்சிடுச்சுன்னு சொல்லித் திறந்துவிட்டாத்தான் இனிமே பார் வெளியே வரும்."

"எதுக்கு என்கிட்ட குடுக்கறீங்க?"

"என்கிட்ட இருந்தா நான் திறந்துடுவேன்."

காத்தாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அங்கிருந்து வைரக்கண்ணு நேரே இன்னாசிமுத்துவிடம் போனார். செய்ததை ஒன்று விடாமல் சொன்னார். "முழு ஐஸுக்கு என்ன செலவோ அதுக்கேத்த விலை. அதுக்கு மேல ஏத்தவும் மாட்டேன், கீழ இறக்கவும் மாட்டேன். இறக்கணும்னு நினைச்சாலும் இனிமே என்னால முடியாது."

இன்னாசிமுத்து வாய்விட்டுச் சிரித்தார். அன்றே விலையை இன்னும் குறைத்தார்.

படகுகள் மலிவைத் தேடி அவரிடம் போயின. வைரக்கண்ணுவின் கம்பெனியில் தண்ணீர் ஊற்றி உறையவைக்கும் கேன்களில் பாதி காலியாகக் கிடந்தன.

"போதும், சாவியை வாங்கிட்டு வாங்க" என்றாள் மனைவி செண்பகம். கம்பெனியின் வரவுசெலவு அவள் கையில்தான் இருந்தது.

"மாட்டேன்."

"மூடற நிலைமைக்கு வந்துடுவோம்."

"மூடினாலும் மூடுவேன். வாங்க மாட்டேன்."

அவள் அழுதுகூடப் பார்த்தாள். அவர் அசையவில்லை. தினமும் காலையில் காத்தாயியின் ஆள் வருவார், பார்களின் நடுவில் கம்பியால் குத்திப் பார்ப்பார், பூட்டைத் திறப்பார். வைரக்கண்ணு பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

பல நாள் தாங்கும் ஐஸ் தேடி, முதலில் ஆழ்கடலுக்குப் போகும் படகு ஒன்று அவரிடம் திரும்பி வந்தது. பிறகு இன்னொன்று. கரையோரம் போய் அன்றே திரும்புகிறவர்கள் மட்டும் இன்னாசிமுத்துவிடமே இருந்தார்கள். வைரக்கண்ணுவின் கம்பெனி ஒருவிதமாக மூச்சுவிட்டது.

*

மீன்பிடித் தடைக்காலம் முடிந்தது. துறைமுகம் முழுக்கப் படகுகள் ஐஸுக்குக் காத்து நின்றன. அந்த நேரம் பார்த்து இன்னாசிமுத்துவின் கம்ப்ரஸரைச் சுழற்றும் ஷாஃப்ட் உடைந்து, ஐஸ் உறைவதே நின்றது. புதிது வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள்.

எல்லாப் படகும் வைரக்கண்ணுவின் வாசலுக்கு வந்துவிட்டன.

செண்பகத்தின் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு வெளிச்சம்.

"விலையை ஏத்துங்க. கிரேனுக்குத்தானே பூட்டுப் போட்டிருக்கோம், விலைக்கு யாரும் பூட்டுப் போடலை. இந்த சீஸன் போனா அந்த ஆள் எழுந்திரிக்கவே மாட்டார். நீங்க கேட்டதுதானே இது?"

அவர் ஆசைப்பட்டதுதான். வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு, என்ன விலை சொன்னாலும் வாங்கும் நிலையில் நின்றார்கள். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எல்லார் கண்ணும் அவர் வாயையே பார்த்தது.

அந்தப் பார்வை அவருக்குப் பிடித்திருந்தது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"அதே விலை" என்றார். பிறகு கிடங்குக்குப் போனார். அவருடைய கம்ப்ரஸரும் இன்னாசிமுத்துவினுடையதும் ஒரே மாதிரி. கிரீஸ் பூசிச் சாக்கில் சுற்றி வைத்திருந்த உபரி ஷாஃப்டை எடுத்து டெம்போவில் ஏற்றினார். மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டார்.

"உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்று வண்டியை மறித்தாள் செண்பகம்.

"நாளைக்கு நம்மளது உடையாதா? வழியை விடு."

இன்னாசிமுத்து கேட்டைத் திறக்கவே யோசித்தார்.

"என்ன விலை சொல்றீர்?"

"உமக்குப் புதுசு வந்ததும் இதைத் திருப்பிக் குடுத்துடும்."

"இதுல என்ன சூது?"

"நல்லா பார்த்துக்கும்."

இன்னாசிமுத்து ஷாஃப்டை வெளிச்சத்தில் உருட்டி உருட்டிக் கீறல் தேடினார். கிடைக்கவில்லை. மெக்கானிக் வேலையை முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தார். கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்த பிறகும் நன்றி சொல்லவில்லை.

வாரக் கடைசியில் காத்தாயி சொல்லித்தான் வைரக்கண்ணுவுக்குத் தெரிந்தது. இன்னாசிமுத்து சங்கத்துக்கு வந்திருக்கிறார். தன் கிரேனுக்கும் பூட்டுப் போட்டு, அதன் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, உட்காராமலே போய்விட்டார்.

*

"அவனை ஒழிச்சிருக்கலாம்மா" என்றார் வைரக்கண்ணு. "கைக்குள்ள வந்தான். விட்டுட்டேன். வீட்டுல எனக்குப் பைத்தியக்காரன்னு பேர். அவ சொல்றதும் நியாயம்தானோன்னு இப்போ தோணுது."

"ஒழிச்சிருந்தா துறைமுகத்துல எத்தனை ஐஸ் கம்பெனி இருந்திருக்கும்?" என்று கேட்டாள் குமுதவல்லி.

"ஒண்ணு."

"யாரோடது?"

"என்னோடதுதான்."

"அப்புறம் உங்க சாவி எத்தனை நாள் காத்தாயிகிட்ட இருந்திருக்கும்?"

"அன்னைக்கே போய் வாங்கியிருப்பேன்" என்றார் வைரக்கண்ணு.