ஏழு பத்துக்குத் திறந்த கதவு

இருட்டியதும் பெண்கள் விடுதியில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். புதுப் பூட்டு மாட்டிய நாளிலிருந்து வாசல் கதவு தானாகத் திறந்துகொள்கிறது. கைக்குழந்தைக்காரி மரகதம் தூங்கி ஐந்து நாளாயிற்று.

அங்கேயே தங்கி, அந்தப் பூட்டைச் செய்த கம்பெனியில் பயிற்சிக்குப் போகும் பியூலா முதலாளியிடம் சொன்னாள். அவர் சிரித்தார்.

"கண்காட்சியில சிறப்பு விருந்தினர் முகத்தைப் பார்த்ததும் தானே திறந்த பூட்டும்மா இது. நான் எழுதின புரோகிராம். அதைத் தொடாம, பிரிச்சுப் படிக்காம, நாளைக்குள்ள தப்பைக் காட்டு. இல்லேன்னா வேலைக்கு வராதே."

"தொடலைங்க சார். அது ஓடுறப்ப பக்கத்துல நின்னு பார்த்துக்கிறேன்."

ஓடும் புரோகிராமை வேவு பார்க்கும் கருவி ஒன்று அவளிடம் இருந்தது. கதவு திறந்ததை மட்டும்தான் அது சொல்லும். யார் சொல்லித் திறந்தது என்பதையும் குறிக்கும்படி, கண் எரிய எரிய அந்தக் கருவியில் நாலு வரி சேர்த்தாள்.

மறுநாள் மாலை விடுதி வாசலில் முதலாளியும் வந்து நின்றார். 'டொக்.' முகம் பார்க்கும் பகுதி அசையவே இல்லை; ஏழு பத்துக்குத் திறக்கச் சொன்னது பூட்டுக்குள் இருந்த கடிகாரம் என்று கருவியின் திரை காட்டியது.

"கண்காட்சி அன்னைக்கு விருந்தினர் எத்தனை மணிக்கு சார் வந்தார்?"

அவர் அவசரமாகப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார்.

"பாவம் சார், கதவு இன்னும் அவரை எதிர்பார்த்துட்டிருக்கு."

"நாளைக்கு வேலைக்கு வந்துடும்மா" என்று முனகியபடி அவரே பூட்டைக் கழற்றிக்கொண்டு போனார். புதுப் பூட்டுக்காகக் கழற்றி வைத்திருந்த பழைய இரும்புத் தாழ்ப்பாளை மரகதம் மறுபடி மாட்டி, உள்ளிருந்து இழுத்துப் போட்டாள்.