கல்லில் வெட்டிய முகவரி

குரு எமரென்சியாவுக்கு வயது நாற்பது. சீடர் தொபியாஸுக்கு அறுபத்தெட்டு. வேலைக்காலம் முழுக்க 'சார்' என்று கூப்பிடப்பட்டே ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், இப்போது எமரென்சியாவை 'டீச்சர்' என்று கூப்பிட்டு வேலை கற்றுக்கொண்டிருந்தார்.

கடலில் காணாமல் போனவர்களுக்காக ஊர் மாதா கோயில் நடத்தும் இணையதளத்தை எமரென்சியா பார்த்துவந்தார். ஆளுக்கு ஒரு பக்கம். படம், பெயர், வீட்டார் கொடுத்த அவருடைய குரல்பதிவு.

தொபியாஸுக்கு எதுவும் வரிசையாக இருக்க வேண்டும். தாறுமாறாகக் கிடந்த பக்க முகவரிகளையெல்லாம் சனிக்கிழமை ஒரே மூச்சில் மாற்றி அழகாக்கிவிட்டார். மறுநாள் காலை பாராட்டை எதிர்பார்த்து வந்து நின்றார்.

"டீச்சர், ஒரு சந்தேகம். ஒவ்வொரு பக்கத்துலயும் 'நிரந்தர இணைப்பு'ன்னு போட்டிருக்கே, அப்படின்னா என்ன?"

"எல்லாத்தையும் மாத்திட்டா கேக்கீங்க?"

எமரென்சியா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டார். "வாங்க சார்."

கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். உடல் கிடைக்காதவர்களுக்கும் அங்கே கல் உண்டு. அடியில் ஒன்றும் இல்லை. பெயருக்குக் கீழே, பக்க முகவரி அடங்கிய ஸ்கேன் செய்யும் கட்டத்தைக் கல்லிலேயே வெட்டியிருப்பார்கள். போனைக் காட்டினால் அவருடைய பக்கம் திறக்கும்.

ஷஜினி தன் புருஷன் கிளீட்டஸின் கல் முன்னால் குத்தவைத்து, போனைத் துடைத்துத் துடைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். 'நீங்கள் தேடுவது இங்கே இல்லை' என்றது திரை.

"அக்கா, அவரு மறுபடியும் காணாமப் போயிட்டாரே" என்று அழுதாள்.

தொபியாஸுக்கு முகம் செத்துப்போயிற்று.

"நான் பண்ணின வேலைதான். கல்லை மாத்தி வெட்டிரலாம் டீச்சர்."

"எத்தனை கல்லை?"

தொபியாஸ் சுற்றிப் பார்த்தார்.

எமரென்சியா மதில்மேல் உட்கார்ந்து, பழைய முகவரியைத் தேடி வருகிறவர்கள் புதிய பக்கத்துக்கே போய்ச் சேரும்படி செய்தார். ஷஜினி மறுபடி போனைக் காட்டினாள்.

"ஏட்டி, கஞ்சி குடிச்சியா?" காற்று இரைச்சலுக்கு நடுவே கிளீட்டஸ் கேட்டான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொபியாஸைப் பார்த்தாள்.

"இனிமே போகாதுல்ல சார்?"

"போகாதும்மா" என்று சொல்ல அவர் வாயெடுத்தார்.

"யோசிச்சுச் சொல்லுங்க சார்" என்றார் எமரென்சியா. "இன்னும் அம்பது வருஷம் இங்க வந்து போனைக் காட்டுவா. அவளுக்கு இருபத்தாறு வயசு."