ஒரு தட்டு பாக்கி

எனக்கு முதலில் அநியாயம் செய்தவர் ஞானாபரணம் வாத்தியார். எங்கள் வேதக்கோயிலில் ஆர்கன் வாசித்தவர்.

கப்பலில் வந்த பழைய ஆர்கன் அது. முன்னால் பொன்னிறக் குழல்கள். அவை வெறும் அலங்காரம். பாடுகிற குழல்கள் எல்லாம் பின்னால் இருட்டில் நிற்கும். அங்கே நின்று, குழல்களுக்குக் காற்று போக நான் துருத்தி அடிப்பேன்.

அங்கிருந்து வாத்தியார் முகம் தெரியாது. குதிகாலால் இரண்டு தட்டு தட்டுவார், தொடங்குவேன். ஒரு தட்டு, நிறுத்துவேன்.

ஒரு பெரிய வெள்ளியன்று அந்த ஒரு தட்டைத் தட்டாமலே எழுந்து போய்விட்டார். நான் அடித்துக்கொண்டே இருந்தேன்.

கதவு பூட்ட வந்த கோயில்பிள்ளை எட்டிப் பார்த்தார். "யாருக்குவே காத்து அடிக்கிறீரு?"

அன்றிலிருந்து ஊரில் என் பெயர் 'காத்து'. வாத்தியார் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. துருத்திக்கு மோட்டார் வந்தது, என்னை அனுப்பினார்கள். பிறகு அவரும் செத்துப்போனார்.

வருடத்துக்கு ஒருமுறை ஆர்கனைச் சரிசெய்ய ரூபாவதி அம்மா வருவார். என்னைவிட இருபது வயது இளையவர். அந்தப் பெட்டியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லித் தந்தது.

அவரிடம் கேட்டேன். "செத்தவரிடம் என் பாக்கியை எப்படி வாங்குவது?"

அவர் மோட்டாரை நிறுத்தினார். ஒயரையும் கழற்றினார். துருத்தி நிற்கும் இடத்தின் பின்கதவைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டார். என்னை வாத்தியார் பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

ஒரு கட்டையை அழுத்தினேன். சத்தம் இல்லை.

"தட்டுங்க, அண்ணாச்சி."

குதிகாலால் இரண்டு தட்டு தட்டினேன்.

பின்னால் துருத்தியின் கைப்பிடி கிரீச்சிட்டது. மறுபடி. மறுபடி. என் விரலுக்குக் கீழே ஒரு தாழ்ந்த குரல் எழுந்தது.

விரலை எடுத்தேன். குரல் நின்றது. கிரீச் நிற்கவில்லை. நடுநடுவே ஒரு கிழவனின் இருமல். அந்த இருமலை எனக்குத் தெரியும்.

"ஒரு தட்டு தட்டி விட்டுருங்க. பாவம், மூச்சு இளைக்குது."

"முதலில் அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லட்டும்."

எழுந்து நடந்தேன். அம்மா தடுக்கவில்லை. சத்தம் வாசல்வரை கூடவே வந்தது.

வெளியே நல்ல வெயில். யாரும் இல்லை. என் வலது தோள் வலிக்கத் தொடங்கியது, துருத்தி அடித்த தோள்.

ஐந்து வருடமாக வலிக்கிறது.

அவர் இன்னும் சொல்லவில்லை.