கொண்டலாத்தி மாப்பிள்ளையின் தொப்பி

தையல்சிட்டு தன் கூட்டுக்காக மட்டுமே இலை தைக்கிறது என்று ஊரெல்லாம் நம்புகிறார்கள். பறவைகளைப் பற்றித் தடித்தடியாகப் புத்தகம் எழுதியவர்களும் நம்புகிறார்கள் என்பதுதான் பெரும் வேதனை. இந்தப் பிழை இன்றோடு ஒழியட்டும். தையல்சிட்டு தொப்பியும் தைக்கும். அளவெடுத்து, ஒரு தலைக்கு ஒரு தொப்பி என்று தைக்கும்.

ஆற்றங்கரைக் காட்டில் தொப்பிக்கடை வைத்திருந்த இழையினி என்ற தையல்சிட்டிடம் ஒரு நாள் சிகாமணி என்ற கொண்டலாத்தி வந்தது. மறுநாள் அதற்குக் கல்யாணம். பெண், அக்கரைக் கொண்டலாத்தி பவளமல்லி. இருவரும் அதுவரை ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

சிகாமணிக்கு உள்ளூர ஒரு பயம். கொண்டலாத்தியின் கொண்டை விசிறி மாதிரி விரிந்து நிற்பது கொஞ்ச நேரம்தான். மற்ற நேரமெல்லாம் மடங்கிப் பின்னால் படுத்துக் கிடக்கும். அந்தத் தலையைப் பார்த்துவிட்டுப் பெண் வேண்டாமென்று பறந்துவிட்டால்?

"அக்கா, பெண் வீட்டார் வாயைப் பிளந்து பார்க்கிற மாதிரி ஒரு தொப்பி வேணும்!"

"தைச்சுட்டாப் போச்சு. முதல்ல இந்தப் புழுவை மெல்லுங்க மாப்பிள்ளை."

"எதுக்கு?"

"மெல்லும்போதுதான் எந்தத் தலையும் உள்ளபடி இருக்கும். அப்போதான் நூலைச் சுற்றி அளவெடுப்பேன். இந்தக் கடையில் அதுதான் வழக்கம்."

புழுவை மென்றால் கொண்டை மடங்கிவிடுமே! "இன்னைக்கு விரதம் அக்கா" என்று புளுகிவிட்டு, சிகாமணி கொண்டையை முழுதாக விரித்துக்கொண்டு நின்றது.

"கொண்டையை இறக்குங்க."

"இதுதான் அக்கா என் இயல்பான தலை!"

"மூச்சு முட்டுதே மாப்பிள்ளை?"

"அதுவும் இயல்புதான்!"

"சரி, தலை உங்களோடது" என்றது இழையினி. விரிந்த கொண்டையைச் சுற்றி அளவெடுத்தது. அந்த அளவுக்கு ஒரு பெரிய விளாங்காய் ஓட்டைத் தேடிப்பிடித்தது. ஊறவைத்த தேக்கிலையை அதன்மேல் கவிழ்த்து வடிவம் பிடித்தது. சிலந்தி நூலால் மடிப்பு மடிப்பாகத் தைத்தது. தையல் போட்ட இடம் கண்ணுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலையில் தொப்பி கம்பீரமாக நின்றது. பெண் வீட்டார் வாயைப் பிளந்தார்கள். சிகாமணி விடியலிலிருந்து கொண்டையை இறக்கவே இல்லை. கழுத்து மரத்துப்போயிருந்தது.

தவளைகள் கெட்டிமேளம் கொட்டின. சிகாமணி மாலையை அலகில் கவ்விக்கொண்டு மணப்பெண்ணை நெருங்கியது. பவளமல்லி அத்தனை அழகு! மகிழ்ச்சியில் மாப்பிள்ளை ஒரு கணம் தன்னை மறந்தது. கொண்டை மடங்கியது. தொப்பி சரிந்து கண்ணை மூடியது.

ஒரே இருட்டு! தொப்பியைத் தூக்கலாமென்றால் அலகில் மாலை. சிகாமணி குத்துமதிப்பாக நாலடி நடந்து, எதிரே தட்டுப்பட்ட கழுத்தில் மாலையைப் போட்டது. கழுத்து கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது. உடனே உள்ளே இழுத்துக்கொள்ளவும் செய்தது.

'என்ன வெட்கம்!' என்று சிகாமணி பூரித்தது.

"மாப்பிள்ளை, நான் பெண் வீட்டு ஆமைங்க!" என்றது கழுத்து.

காடே சிரித்தது. பவளமல்லி பறந்து வந்து தொப்பியைக் கவ்வி எடுத்தது. சிகாமணி பதறிப்போய்க் கொண்டையை விரிக்கப் பார்த்தது. களைத்துப்போன கொண்டை அசையவே இல்லை.

"இதுதான் உங்க தலையா?" என்று கேட்டது பவளமல்லி.

சிகாமணி தலையைக் குனிந்து காட்டியது. "ஆமாம். சும்மா இருக்கும்போது இப்படித்தான் இருக்கும். பிடிக்கலைன்னா சொல்லிடு."

"அப்பாடா!" என்று பவளமல்லி பெருமூச்சு விட்டது. அதன் கொண்டையும் பொத்தென்று விழுந்தது. "நானும் காலையிலிருந்து தூக்கிப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறேன்! கழுத்து வலி உயிர் போகுது!"

மணமக்கள் சிரித்த சிரிப்பில் தவளைகளுக்குத் தாளம் தப்பியது. கல்யாணத்துக்கு வந்திருந்த இழையினி அந்த இடத்திலேயே நூலை எடுத்து, உள்ளபடி இருந்த இரண்டு தலைக்கும் அளவெடுத்தது.

இல்லாத உயரத்தைக் காட்டிப் பெருமை தேடுகிறவர், அந்த உயரத்தை நாள் முழுவதும் தாமே தூக்கிச் சுமக்க வேண்டும்.

ஆமை அன்றிலிருந்து தனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்றே சொல்லிக்கொள்கிறது.